ஒளி உணரும் புரதத்தை நியூரானுக்குள் அனுப்ப: ஏஏவி பிளாஸ்மிட் கையாளப் புதிதாக வருபவர்களுக்கு

ஒளியால் நியூரான்களை இயக்கும் ஆப்டோஜெனடிக்ஸ் ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் லேசரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்த நிறம், எத்தனை மில்லிவாட், ஃபைபர் எவ்வளவு தடிமன் என்று. கேட்க வேண்டியவைதான். ஆனால் சோதனை தேறுமா தேறாதா என்பது பெரும்பாலும் அதற்கு வெகு முன்பே, ஃப்ரீசரில் கிடக்கும் ஒரு சின்ன டியூபில் முடிவாகிவிடுகிறது. அந்த டியூபில் இருப்பது பிளாஸ்மிட்: நமக்கு வேண்டிய மரபணுவைச் சுமக்கும், பாக்டீரியாவில் பெருக்கக்கூடிய வட்ட டிஎன்ஏ. அதில் கோளாறு இருந்தால் அதை வைத்துச் செய்த வைரஸும் தேறாது. சுண்டெலிக்கு அறுவை செய்து, மூன்று நான்கு வாரம் காத்திருந்து, மூளையைச் சீவி மைக்ரோஸ்கோப்பில் வைக்கும் நாளில்தான் அது தெரியவரும். ஓர் உயிர் வீணாகப் போயிருக்கும். பிளாஸ்மிடை முதலிலேயே சரிபார்த்துக்கொள்வது அந்த உயிருக்கு நாம் செலுத்த வேண்டிய குறைந்தபட்ச மரியாதை என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரையில் லேசரைவிட டியூபுக்கு அதிக இடம்.

கொஞ்சம் பின்னணி. கிளமைடோமோனாஸ் ரைன்ஹார்ட்டி என்ற ஒற்றைச் செல் பச்சைப்பாசி வெளிச்சத்தை நோக்கி நீந்தும். அதற்கு உதவும் புரதங்களில் ஒன்றுதான் சேனல்ரோடாப்சின்-2. நீல ஒளி பட்டதும் இந்தப் புரதம் திறந்து நேர்மின் அயனிகளை உள்ளே விடும். கியோர்க் நாகல், பீட்டர் ஹேகமான் உள்ளிட்ட ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2003-இல் இதை விவரித்தார்கள். 2005-இல் எட் பாய்டன், ஃபெங் ஜாங், கார்ல் டைசராத் ஆகியோர் நாகல், எர்ன்ஸ்ட் பாம்பெர்க் இருவருடன் சேர்ந்து, இந்த மரபணுவை லென்டிவைரஸ் வழியாக வளர்ப்புத் தட்டில் இருந்த நியூரான்களுக்குள் செலுத்தினார்கள். நீல ஒளியைச் சொடுக்கியபோதெல்லாம் நியூரான் துடித்தது. அதன்பின் லென்டிவைரஸின் இடத்தை ஏஏவி (அடினோ-அசோசியேட்டட் வைரஸ்) பிடித்துக்கொண்டது. அடினோவைரஸோடு ஒட்டி வாழும் குட்டி வைரஸ் அது. மனிதருக்கு நோய் தருவதாகத் தெரியவில்லை, தானாகப் பெருகவும் செய்யாது. பிரியாத செல்லான நியூரானுக்குள் போய்விட்டால் மாதக்கணக்கில் தங்கிப் புரதம் செய்துகொண்டிருக்கும். மூளைத் திசுவில் நன்றாகப் பரவவும் செய்யும். இதன் ஒரே பெரிய குறை இடப்பற்றாக்குறை. உள்ளே சுமார் 4.7 கிலோபேஸ், அதாவது 4,700 எழுத்து நீள டிஎன்ஏதான் அடங்கும்.

1. கேள்விக்கு ஏற்ற புரதம்

நியூரானைத் தூண்ட வேண்டுமா, அடக்க வேண்டுமா? தூண்ட என்றால் எச்134ஆர் என்ற மாற்றம் செய்த சேனல்ரோடாப்சின்-2 இன்றும் நம்பகமான முதல் தேர்வு. 470 நானோமீட்டர் அளவிலான நீல ஒளிக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் நொடிக்கு 40 துடிப்புக்கு மேல் எதிர்பார்த்தால் பின்தங்கிவிடும். வேகமாகச் சுடும் நியூரான்களுக்குக் குரோனாஸ் போன்றவற்றைப் பாருங்கள். ஆழமான இடத்தை எட்ட வேண்டும், அல்லது நீல ஒளி வேறு வேலைக்குத் தேவைப்படுகிறது என்றால் சிவப்புப் பக்கம் சாய்ந்த கிரிம்சன்ஆர். கிளமைடோமோனாஸ் நாக்டிகாமா என்ற இன்னொரு பாசியிலிருந்து வந்த புரதத்தின் திருத்திய வடிவம் இது. மனிதக் கண் வரை போய்விட்ட புரதமும் இதுதான். ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோயால் பார்வை இழந்த ஒருவரின் ஒரு கண்ணில் ஏஏவி மூலம் இதைச் செலுத்தி, ஒளியை மாற்றித்தரும் சிறப்புக் கண்ணாடியும் அணிவித்தபோது, மேசையில் இருந்த பொருளை அவரால் கண்டு தொட முடிந்தது. ஜோசே-அலைன் சாஹெல், போட்டோண்ட் ரோஸ்கா குழுவினர் 2021-இல் வெளியிட்ட முடிவு அது. நாம் ஆய்வகத்தில் பிடித்துப் பழகும் அதே வகைப் பிளாஸ்மிடிலிருந்து கிளம்பியதுதான் அந்தச் சிகிச்சையும்.

அடக்குவது இன்னும் நுணுக்கமான வேலை. ஹாலோரோடாப்சின், ஆர்ச் இரண்டும் அயனிகளைத் தள்ளும் பம்புகள். ஒரு ஃபோட்டானுக்கு ஓர் அயனிதான் நகரும் என்பதால் ஒளி நிறைய வேண்டும், விட்டுவிடாமலும் வேண்டும். ஜிடிஏசிஆர்2 என்பது குளோரைடு சேனல், குறைந்த ஒளியே போதும். ஆனால் ஆக்சான் (நியூரானின் நீண்ட இழை) முனையில் குளோரைடு செறிவு அதிகம். அங்கே இந்தச் சேனல் திறந்தால் அடக்குவதற்குப் பதில் தூண்டிவிடக்கூடும். அதனால்தான் செல் உடலோடு நிற்கும்படி செய்த வடிவம் 2018-இல் வந்தது. அதையே வாங்குங்கள். ஆர்ச்சை ஆக்சான் முனையில் நீண்ட நேரம் இயக்கினால் உள்ளே காரத்தன்மை ஏறி, நரம்புக்கடத்தி தானாக வெளியேறுவது கூடும் என்பதும் தெரிந்த விஷயம். நீங்கள் அடக்கப் போவது செல் உடலையா முனையையா என்று முதலில் தீர்மானித்துவிட்டுப் பிறகு புரதத்தைத் தேடுங்கள்.

பழ ஈயிலோ புழுவிலோ வேலை செய்கிறவர்கள் இந்தப் புரதங்கள் ஒளியைப் பிடிக்கத் தேவையான ரெட்டினாலைத் தீனியில் கலக்க வேண்டும். பாலூட்டிகளின் மூளையில் அது ஏற்கெனவே இருக்கிறது.

2. பெயரை உடைத்துப் படித்தல்

ஆட்ஜீன் என்ற லாப நோக்கற்ற பிளாஸ்மிட் களஞ்சியம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கிறது. அதில் 20298 என்ற எண்ணைத் தேடினால் ஒரு நீண்ட பெயர் வரும்: பிஏஏவி, ஈஎஃப்1ஏ, டபுள் ஃப்ளாக்ஸ்டு, எச்சிஎச்ஆர்2 எச்134ஆர், ஈஒய்எஃப்பி, டபிள்யூபிஆர்ஈ, எச்ஜிஎச் பிஏ. முதல் பார்வைக்கு மிரட்டும். ஆனால் ஒவ்வொரு துண்டும் ஒரு முடிவைச் சொல்கிறது.

ஈஎஃப்1ஏ என்பது புரோமோட்டர், மரபணு எந்தச் செல்லில் ஓடும் என்று தீர்மானிக்கும் துண்டு. எந்தச் செல்லிலும் ஓடும். எச்சின் என்று இருந்தால் நியூரான்களில் மட்டும். கேம்கே2ஏ என்று இருந்தால் முன்மூளையின் தூண்டும் நியூரான்கள் பக்கம் சாய்வு உண்டு, உத்தரவாதம் கிடையாது. தடுக்கும் நியூரான்கள் சிலவும் ஒளிர்வதைப் பார்க்கலாம். செல் வகையை உறுதியாகப் பிரிக்க வேண்டுமென்றால் கிரே சுண்டெலியை (குறிப்பிட்ட செல் வகையில் மட்டும் கிரே என்ற என்சைம் இருக்கும் விலங்கு) நம்புங்கள், புரோமோட்டரை நம்பாதீர்கள்.

அதற்குத்தான் டபுள் ஃப்ளாக்ஸ்டு. சில பெயர்களில் டிஐஓ என்று வரும். மரபணு இங்கே தலைகீழாக வைக்கப்பட்டிருக்கும். இரு பக்கமும் லாக்ஸ்பி, லாக்ஸ்2722 என இரண்டு வகைத் தளங்கள். கிரே என்சைம் இருக்கும் செல்லில் மட்டும் மரபணு நேராகப் புரண்டு, அப்படியே நிலைத்துவிடும். கிரே இல்லாத செல்லில் வைரஸ் இருந்தாலும் புரதம் இல்லை.

ஈஒய்எஃப்பி ஒளிரும் அடையாளம். சேனல்ரோடாப்சினோடு ஒட்டியே வருவதால் செல் சவ்வில் விளிம்பு கட்டினாற்போல் மஞ்சள்பச்சை தெரியும். உங்கள் சுண்டெலியில் ஏற்கெனவே ஜிகேம்ப் போன்ற பச்சை ஒளிர்புரதம் இருந்தால் சிவப்பாக ஒளிரும் எம்செர்ரி வடிவத்தை எடுங்கள். எம்செர்ரி சிலசமயம் செல்லுக்குள் புள்ளி புள்ளியாகத் திரளும். பார்த்துப் பதற வேண்டாம், அதை வைத்துச் செல் எண்ணும்போது மட்டும் கவனம். டபிள்யூபிஆர்ஈ புரத உற்பத்தியைக் கூட்டும் துண்டு. கடைசியில், ஆர்என்ஏவுக்கு முடிவு காட்டும் பாலி ஏ.

3. நீளக் கணக்கு

இருப்பதை அப்படியே வாங்கினால் இந்தப் படி வேண்டாம். எதையாவது மாற்றப் போகிறீர்கள் என்றால் குளோனிங் தொடங்குமுன் காகிதத்தில் கூட்டிப் பாருங்கள். மேலே சொன்ன பிளாஸ்மிடில் தோராயமாக: ஈஎஃப்1ஏ 1.2 கிலோபேஸ், சேனல்ரோடாப்சின் 0.9, ஈஒய்எஃப்பி 0.7, டபிள்யூபிஆர்ஈ 0.6, பாலி ஏ 0.5, லாக்ஸ் தளங்களும் இணைப்புகளும் 0.2, இரு முனையிலும் உள்ள ஐடிஆர் துண்டுகள் (6-ஆம் படியில் விளக்குகிறேன்) சேர்த்து 0.3. மொத்தம் 4.4. எல்லைக்குள் இருக்கிறது, ஆனால் மிச்சம் அதிகமில்லை. புரோமோட்டரைச் சிஏஜி ஆக மாற்றினால் அது மட்டுமே 1.7, மொத்தம் 4.9. எல்லை தாண்டிவிட்டது. வைரஸ் வரவே வராது என்றில்லை. அளவு குறையும், பல துகள்களில் அரைகுறை மரபணு இருக்கும். எச்சின் வைத்தால் 0.5 போதும், தாராளமாக இடம் கிடைக்கும். டபிள்யூபிஆர்ஈக்குச் சுமார் 250 பேஸ் மட்டுமே உள்ள சுருக்க வடிவமும் உண்டு. இடநெருக்கடியில் நான் முதலில் கைவைப்பது அதில்தான்.

4. பிளாஸ்மிடா, ரெடிமேட் வைரஸா?

பரவலாகப் பயன்படும் பல பிளாஸ்மிடுகளுக்குத் தயார் நிலை வைரஸே கிடைக்கிறது. முதல் சோதனை, நாலைந்து விலங்குகள், புதுமை எதுவும் இல்லை என்றால் வைரஸையே வாங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து வரவழைக்கிறீர்கள் என்றால் ஒன்றை யோசியுங்கள். வைரஸ் டிரை ஐஸில் பயணிக்க வேண்டும், வழியில் தாமதமானால் ஐஸ் தீர்ந்துவிடும். பிளாஸ்மிடோ அகாரில் குத்தி வைத்த பாக்டீரியாவாகச் சாதாரண அறை வெப்பத்திலேயே வந்து சேரும். ஒருமுறை வந்துவிட்டால் தலைமுறைக்கும் உங்களுடையது. பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரி யார் என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். நாட்கள் இழுப்பது அங்கேதான். இந்தியாவில் நிறுவன உயிரிப்பாதுகாப்புக் குழுவின் அனுமதியும் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் கையில் இல்லாமல் எதையும் தொடங்கக் கூடாது.

5. வளர்த்தல்

டியூப் வந்ததும் அதிலிருந்து நேராகத் திரவத்தில் வளர்க்காதீர்கள். ஆம்பிசிலின் அல்லது கார்பெனிசிலின் போட்ட தட்டில் கோடிழுத்து, தனித்தனிக் காலனி வரவிடுங்கள். கார்பெனிசிலின் நிலையானது, பெரிய காலனியைச் சுற்றிச் சின்னச் சின்னதாய் முளைக்கும் போலிக் காலனிகள் குறையும்.

வேறு பாக்டீரியாவுக்கு மாற்றுவதாக இருந்தால் வழக்கமான டிஎச்5ஆல்ஃபா வகை வேண்டாம். எஸ்டிபிஎல்3 அல்லது என்இபி ஸ்டேபிள் எடுங்கள். வளர்ப்பு வெப்பம் 30 டிகிரி. காலனி தெரிய ஒரு முழு நாள் ஆகும், பொறுங்கள். தட்டில் இருப்பதிலேயே பெரிய காலனியைக் குத்த ஆசை வரும். ஐடிஆரை உதிர்த்துவிட்ட பிளாஸ்மிட் உள்ள பாக்டீரியாவுக்குப் பாரம் குறைவு, வேகமாக வளரலாம். நடுத்தர அளவில் நாலைந்து காலனிகளை எடுங்கள். எஸ்டிபிஎல்3-இல் டிஎன்ஏவைச் சிதைக்கும் நியூக்ளியேஸ் ஒன்று உண்டு, ஆகவே கிட்டோடு வரும் கூடுதல் வாஷ் பஃபரைத் தவிர்க்கக் கூடாது.

6. ஐடிஆர் சோதனை

இந்த ஒரு படிக்காகத்தான் கட்டுரையே எழுதுகிறேன்.

ஐடிஆர் என்பவை மரபணுவின் இரு முனையிலும் உள்ள 145 பேஸ் துண்டுகள். வைரஸிலிருந்து நாம் வைத்துக்கொண்டது இவ்வளவுதான். இவை பையின் இரு கைப்பிடிகள்: மரபணுவை வைரஸின் புரத உறைக்குள் தூக்கிப் போடும் இயந்திரம் இவற்றைத்தான் பிடிக்கும். ஜி, சி எழுத்துகள் நிறைந்த, தன்மேலேயே மடிந்து கொண்டை ஊசி வடிவம் எடுக்கும் வரிசை. பாக்டீரியாவுக்கு இந்த மடிப்பு பிடிக்காது. பெருகும்போது வெட்டி எறிந்துவிடும். நீங்கள் எத்தனை கவனமாக வளர்த்தாலும் இது நடக்கலாம், ஆகவே ஒவ்வொரு முறை புதிதாக எடுத்த டிஎன்ஏவையும் சோதிக்க வேண்டும்.

எளிய வழி ஸ்மா-1 என்சைம். சிசிசிஜிஜிஜி என்ற வரிசையை வெட்டும். அந்த வரிசை இரு ஐடிஆரிலும் உண்டு. முதலில் பெஞ்ச்லிங், ஸ்னாப்ஜீன் போன்ற மென்பொருளில் உங்கள் வரைபடத்தைத் திறந்து, ஸ்மா-1 வேறெங்கும் வெட்டுகிறதா, எந்த அளவில் துண்டுகள் வரவேண்டும் என்று பாருங்கள். பிறகு அரை மைக்ரோகிராம் பிளாஸ்மிடை என்சைமோடு கலந்து 25 டிகிரியில் ஒரு மணி நேரம். மற்ற என்சைம்களின் பழக்கத்தில் 37 டிகிரியில் வைத்துவிடுகிறார்கள். ஸ்மா-1 சீக்கிரமே செயலிழக்கும், வெட்டு அரைகுறையாகும், ஐடிஆர் போய்விட்டது என்று தவறாக முடிவு கட்டுவீர்கள். பக்கத்துத் தடத்தில் வெட்டாத பிளாஸ்மிட் ஒன்று, ஒரே இடத்தில் வெட்டும் வேறு என்சைம் போட்டது ஒன்று.

ஜெல்லில் என்ன தெரியும்? இடையில் வேறு வெட்டு இல்லாத பிளாஸ்மிடானால், பாக்டீரியாவுக்கான முதுகெலும்புத் துண்டு ஒன்று, ஐடிஆர்களுக்கு நடுவில் உள்ள துண்டு ஒன்று என இரண்டு பட்டைகள். ஒரே ஒரு பட்டை, அதுவும் முழுப் பிளாஸ்மிடின் நீளத்தில் இருந்தால் ஒரு ஐடிஆர் காணாமல் போய்விட்டது. இவை இரண்டும் தெளிவான தீர்ப்பு. குழப்பம் மூன்றாவது நிலையில்: எதிர்பார்த்த இரண்டு பட்டைகளும் பளிச்சென்று இருக்கும், அவற்றுக்கு மேலே, முழு நீளத்தில், மங்கலாக ஒன்று. வெட்டு முடியாததாலும் அது வரலாம், பிளாஸ்மிட் கூட்டத்தில் ஒரு பகுதி ஐடிஆரை இழந்திருந்தாலும் வரலாம். இன்னும் கொஞ்சம் என்சைம் சேர்த்து, இன்னும் ஒரு மணி நேரம் வைத்து மறுபடி ஓட்டுங்கள். மங்கல் பட்டை மறைந்தால் நல்லது. மறையாவிட்டால் அந்த டியூபை ஒதுக்கிவிட்டு அடுத்த காலனிக்குப் போங்கள். விளைச்சல் நன்றாக இருக்கிறதே என்று அதையே வைத்துக்கொள்ளும் சபலம் எல்லோருக்கும் வரும். விட்டுவிடுங்கள்.

ஸ்மா-1 பார்க்காத இழப்புகளும் உண்டு. 11 பேஸ் மட்டும் உதிர்ந்த ஐடிஆர் மிகச் சகஜம், ஜெல்லில் அது தெரியாது. டிஎன்ஏ எழுத்துகளைச் சாங்கர் முறையில் படிக்க அனுப்பினால் கொண்டை ஊசி மடிப்பில் வந்து வாசிப்பு சட்டென்று நின்றுவிடும். மாதிரி கெட்டுவிட்டது என்று புதியவர்கள் கலங்குவார்கள். ஐடிஆர் இருந்தால் அப்படித்தான் நிற்கும். முழுப் பிளாஸ்மிடையும் நானோபோரில் படிக்கும் சேவை இப்போது எளிதாகக் கிடைக்கிறது, அதைச் செய்துவிடுங்கள். ஒரு பக்கம் சிறு இழப்பு மட்டுமே என்றால் வைரஸ் உருவாகும்போது மறு ஐடிஆரைப் பார்த்துச் சரிசெய்துகொள்ள வாய்ப்பு உண்டு. பெரிய இழப்பு என்றால் விளைச்சல் விழும்.

டபுள் ஃப்ளாக்ஸ்டு பிளாஸ்மிடுகளில் இன்னொன்று. பாக்டீரியாவுக்குள்ளேயே சில நகல்களில் மரபணு தானாகப் புரண்டுவிடுவதுண்டு. சதவீதம் சிறியதாக இருந்தாலும், வைரஸ் செறிவாகச் செலுத்தும்போது கிரே இல்லாத செல்களும் ஒளிரத் தொடங்கும். கிரே இல்லாத ஒரு சாதாரண விலங்குக்கும் அதே வைரஸைச் செலுத்திப் பார்ப்பது ஒன்றே இதற்கு நம்பத்தக்க சோதனை.

தேறிய காலனியை உடனே 20 சதவீத கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். டியூபின் மேல் பிளாஸ்மிட் பெயர், காலனி எண், தேதி, ஐடிஆர் சோதித்தாயிற்றா என்பது. கடைசித் தகவலைத்தான் யாரும் எழுதுவதில்லை.

7. வைரஸ் செய்தல், உறை

ஹெச்இகே293டி என்ற வளர்ப்பு மனிதச் செல்களுக்குள் மூன்று பிளாஸ்மிடுகள் ஒன்றாகப் போகும்: உங்களுடையது, உறைக்கும் பெருக்கத்துக்குமான ரெப்-கேப், அடினோவைரஸ் உதவி மரபணுக்கள் கொண்ட ஹெல்ப்பர். பெருகத் தேவையானவை உங்கள் பிளாஸ்மிடில் இல்லாததால்தான் வரும் வைரஸ் மேலும் பெருகாது. மூன்றுமே பாக்டீரியா நச்சான எண்டோடாக்சின் நீக்கிய தரத்தில் இருக்க வேண்டும். சுத்திகரிப்பு, ஐயோடிக்சனால் என்ற கரைசலின் அடர்த்தி அடுக்குகளில் சுழற்றி. வசதியுள்ள வைரஸ் மையம் அருகில் இருந்தால் அவர்களிடம் கொடுத்துவிடுவதே மேல்.

உறையை மாற்றினால் போக்கிடம் மாறும், உள்ளே இருக்கும் பிளாஸ்மிட் அதேதான். ஏஏவி2/5 என்று எழுதியிருந்தால் ஐடிஆர் வகை 2, உறை வகை 5 என்று பொருள். மூளையில் நேரடியாக ஊசி போட 5, 8 ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன. ஆக்சான் முனையிலிருந்து செல் உடலுக்குத் திரும்பிப் போக 2016-இல் வந்த ரெட்ரோ உறை. இரத்தத்தில் செலுத்தி முழு மூளைக்கும் எட்ட பிஹெச்பி.ஈபி. இது சி57 பிளாக்6 சுண்டெலியில் அருமையாக வேலை செய்யும், பால்ப்/சி வகையில் செய்யாது. அந்த உறை பிடிக்கும் எல்ஒய்6ஏ என்ற புரதத்தில் இவ்விரு வகைகளும் வேறுபடுகின்றன. விலங்கு வகையைப் பார்க்காமல் ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள்.

8. செலுத்துமுன்

வைரஸின் செறிவைக் காட்டும் டைட்டர் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 10¹² முதல் 10¹³ மரபணு நகல்கள் என்று வரும். வெவ்வேறு ஆய்வகங்கள் அளந்த எண்களை அப்படியே ஒப்பிடக் கூடாது. ஒரே முறையில், ஒரே ஆளால் அளந்தவையே ஒப்பிடத் தகும். அதிகம் இருந்தால் நல்லது என்றும் நினைக்காதீர்கள். மிதமிஞ்சினால் நியூரான் நலிந்துபோகும். மூன்று நான்கு நீர்ப்பு அளவுகளைச் சிறு முன்சோதனையில் பாருங்கள். சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள், ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். நீர்க்கும் பஃபரில் 0.001 சதவீதம் புளூரானிக் எஃப்-68 இருந்தால் வைரஸ் டியூப் சுவரில் ஒட்டி வீணாகாது.

கட்டுப்பாட்டு விலங்குக்கு அதே புரோமோட்டர், அதே உறை, அதே டைட்டர், ஆனால் ஈஒய்எஃப்பி மட்டும் உள்ள வைரஸ். இது கட்டாயம். லேசர் மூளையைச் சூடாக்கும், சூடு மட்டுமே நியூரானின் துடிப்பை மாற்றும். அந்தக் குழு இல்லாத முடிவை நான் நம்ப மாட்டேன், நீங்களும் நம்பாதீர்கள்.

9. ஒளிரவில்லை என்றால்

முதலில் காத்திருந்த காலம் போதுமா என்று பாருங்கள். செல் உடலுக்கு மூன்று வாரம் போதும், நீண்ட ஆக்சானின் முனை வரை புரதம் போய்ச்சேர ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். அடுத்து, விலங்கின் கிரே மரபணுச் சோதனை முடிவு. பிறகு அதே டியூபை, வேறொரு நல்ல கிரே விலங்கில். அதுவும் இருட்டாக இருந்தால் டைட்டரை மறுபடி அளந்து, பிளாஸ்மிடின் ஐடிஆர் ஜெல் படத்தை எடுத்துப் பாருங்கள்.

ஒளிர்கிறது, ஆனால் விலங்கிடம் விளைவு இல்லை என்றால் நடத்தைச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்காதீர்கள். மூளைச் சீவலை எடுத்து, ஒளிரும் ஒரு செல்லில் பேட்ச் (மின்னோட்டத்தை அளக்கும் நுண்கண்ணாடி மின்முனை) வைத்து, நீல ஒளியைச் சொடுக்கி மின்னோட்டம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் புரதம் சரி, ஃபைபரின் இடத்தையும் ஒளி அளவையும் சோதியுங்கள். வராவிட்டால் அடையாளப் புரதம் சவ்வில் இருக்கிறதா, உள்ளே தேங்கியிருக்கிறதா என்று கான்ஃபோக்கலில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, நானோபோர் வரிசையில் சேனல்ரோடாப்சின் பகுதியை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.